பதினோராவது உருப்படியில் ஒரு மூச்சு

இசைக்கூடத்தில் அவளைப் புரட்டக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். பியானோ வாசிப்பவருக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்து, சரியான நொடியில் எழுந்து, இசைக்குறிப்புப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டிவிட்டு மறுபடி உட்காருவது அவள் வேலை. பெயரில்தான் புரட்டு, ஆளிடம் கடுகளவும் கிடையாது. இருபத்தாறு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் ஒரே ஒரு பொய்தான் சொன்னாள். அதையும் வாயால் சொல்லவில்லை.

பகலில் அவள் மருந்துக்கடையில் இருப்பாள். டாக்டர்களின் கிறுக்கலைப் படிக்க அந்தக் கடையில் அவளை விட்டால் ஆள் இல்லை. கடை முதலாளியே சீட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது மருந்துப் பேரா, இல்ல டாக்டர் கையெழுத்தா?" என்று கேட்பார். அப்படிப்பட்ட கண்ணுக்கு இசைக்குறிப்பு எம்மாத்திரம்? சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் பியானோ கற்றவள். கை மட்டும் வளரவில்லை. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் எவ்வளவு விரித்தாலும் ஏழு கட்டைதான் எட்டும். எட்டாவது கட்டை எட்டாக்கனி. பெரிய உருப்படிகளை வாசிக்க அந்தக் கை உதவாது என்று டீச்சர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். படிக்கத் தெரியும், வாசிக்க முடியாது. சமையல் புத்தகத்தை மனப்பாடம் செய்தவளுக்கு அடுப்பு இல்லாத கதைதான். அதனால் அடுத்தவர் அடுப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த இசைக்கூடத்தில்தான் கல்யாணமும் கூடிவந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அங்கிருந்த பழைய லிஃப்ட்டில் நாற்பது நிமிஷம் மாட்டிக்கொண்டாள். பழுது பார்க்க வந்த மெக்கானிக் கதவுக்கு வெளியே நின்று, "பயப்படாதீங்க, இது கீழ விழாது. அதுக்குக்கூட இதுக்குத் தெம்பு இல்ல" என்று பேசிக்கொண்டே வேலை பார்த்தார். அந்தப் பேச்சில் மயங்கியவள் அவரைக் கட்டிக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு எந்த லிஃப்ட்டிலும் காலை வைக்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கின் பெண்டாட்டி ஊரெல்லாம் படியேறித்தான் போகிறாள் என்று அவருடைய நண்பர்கள் இன்றைக்கும் கிண்டல் செய்கிறார்கள்.

அவருக்கு பியானோ இசை ஒத்துவராது. தகரக் கூரையில் யாரோ பட்டாணி மூட்டையை அவிழ்த்துக் கொட்டுகிற மாதிரி இருக்கிறது என்பார். ஆனால் காது மட்டும் பாம்புக்காது. கீழே நின்று மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே நாலாவது மாடிக் கதவில் எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

பக்கம் புரட்டுவது பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத வேலை. செய்து பார்த்தால்தான் தெரியும். வளையல் கூடாது, கடிகாரம் கூடாது, சரசரக்கிற துணி கூடாது. வயிறு சத்தம் போடாத அளவுக்குச் சாப்பிட்டிருக்க வேண்டும். அதற்கு மேலும் கூடாது, ஏப்பம் வரும். வாசிப்பவரின் கண் இருக்கும் வரிக்கு ஒரு வரி முன்னால் அவள் கண் இருக்கும். அவர் தலையசைப்பதற்குள் எழுந்து நிற்க வேண்டும், இடது கையால் மேல்மூலையைப் பிடிக்க வேண்டும், காற்று படாமல் திருப்ப வேண்டும். அந்த நேரம் முழுவதும் அக்கா மூச்சை அடக்கிக்கொள்வாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாக வந்த பழக்கம். கச்சேரி முடிந்தால் எல்லாரும் கை தட்டுவார்கள். அவள் நாற்காலியை ஓரமாக நகர்த்துவாள். அது போதும் அவளுக்கு. உலகத்தில் அவளுக்கென்று இருந்த இடம் அந்த நாற்காலிதான் என்று சொன்னால், மருந்துக்கடைக்காரர் கோபித்துக்கொள்வார், ஆனால் உண்மை அதுதான்.

பதினைந்து வருஷமாக அவள் அதிகம் புரட்டியது ஒரே ஒருவருக்கு. நாற்பத்தொன்பது வயது பியானோக்காரர், வெளியூர்களிலும் பேர் எடுத்தவர். போன வருஷம் அவருடைய வலது கை மோதிரவிரலில் நரம்பு பிசகி அறுவைசிகிச்சை நடந்தது. விரல் தேறியது, தைரியம் தேறவில்லை. முன்பெல்லாம் மனப்பாடமாக வாசித்தவர் இப்போது புத்தகம் இல்லாமல் உட்காரப் பயந்தார். இருந்தாலும் ஓர் ஆசை. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால், பியானோவை உடைக்காமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்ட ஒரு மனுஷன் எழுதிய பன்னிரண்டு உருப்படிகள் உண்டு. காதல், புயல், பைத்தியம் எல்லாவற்றையும் பத்து விரலுக்குள் அடைத்துவைத்த இசை. அதை முழுக்க வாசித்து ஒரு இசைத்தட்டாகப் பதிவு செய்துவிட வேண்டும். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு மூன்று நாள் கொடுத்தார். "அதுக்கப்புறம் இந்த மாதிரி வாசிக்கவே கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இசைக்கூடத்தையே மூன்று நாள் எடுத்தார்கள். லிஃப்ட் மோட்டாரின் முனகல் மைக்கில் விழும் என்று அதை நிறுத்திவைக்க அக்காவின் வீட்டுக்காரரைத்தான் கூப்பிட்டார்கள். மைக்குகளை நட்டுவிட்டு ஒலிப்பதிவுக்காரர் பக்கத்து அறையில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து ஒலிபெருக்கி வழியாகத்தான் அவர் குரல் வரும்.

முதல் பத்து உருப்படிகளும் பன்னிரண்டாவதும் எப்படியோ கரையேறின. பதினொன்று கழுத்தைப் பிடித்தது. அதில் ஆறாவது பக்கம் முழுக்க இரண்டு கைகளும் நடுவில் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடும். பக்கம் முடிகிற இடத்தில், அக்கா புரட்டியதும், வலது கை மேல்கோடிக்கும் இடது கை கீழ்க்கோடிக்கும் ஒரே நேரத்தில் பாய வேண்டும். கை இரண்டும் அந்தரத்தில் இருக்கும் அந்த அரை நொடி கூடமே அமைதியாக இருக்கும். முன்னால் வாசித்ததன் ரீங்காரம் மட்டும் பெடலின் தயவில் மிதக்கும். பிறகு இரண்டு கையும் ஒரே அடியாக இறங்க வேண்டும். கரணம் தப்பினால் மரணம்.

இரண்டாவது நாள் பதினாலு தடவை வாசித்தார். பதினாலு தடவையும் வலது கை பக்கத்துக் கட்டையில் போய் விழுந்தது. இறங்குகிற இடத்தை மட்டும் தனியாக வாசிக்கவைத்து ஒட்டிப் பார்த்தார் ஒலிப்பதிவுக்காரர். ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி பட்டென்று தெரிந்தது. மூன்றாவது நாள் காலையில் இன்னும் ஆறு தடவை, ஆறும் தப்பு. விரல் வீங்க ஆரம்பித்துவிட்டது. அக்காவுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் அந்தக் கை தப்பான இடத்துக்குக் கிளம்புவது அவளுக்குக் கிளம்பும்போதே தெரிந்தது; மணிக்கட்டு கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

"கடைசியா ஒரு தடவை" என்றார் பியானோக்காரர்.

இருபத்தோராவது தடவை. ஆறாவது பக்கத்தின் கடைசி வரியில் அக்கா எழுந்தாள், மூச்சை அடக்கினாள், புரட்டினாள். கைகள் கிளம்பின. மணிக்கட்டு சாயவில்லை. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமாக அடைத்துவைத்ததெல்லாம் 'ஹா' என்று வெளியே வந்துவிட்டது. கைகள் இறங்கின. சுத்தமான இறக்கம், கூடத்தின் கண்ணாடிகள் அதிர்ந்தன. அவர் மீதி ஐந்து பக்கத்தையும் மதம் பிடித்த மாதிரி வாசித்து முடித்தார்.

ரீங்காரம் அடங்கும்வரை யாரும் அசையவில்லை. பிறகு ஒலிபெருக்கியில் சிரிப்பும் கைதட்டலும் கேட்டன. அக்கா மட்டும் நாற்காலியில் கல்லாகச் சமைந்திருந்தாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தது தான்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கால் மணி நேரம் கழித்து ஒலிப்பதிவுக்காரரே வெளியே வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"சார், ஏழாவது பக்கத் தொடக்கத்துல ஒரு மூச்சு கேக்குது. வெட்டவும் முடியாது, கீழ ரீங்காரம் ஓடுது. உங்களுதா? வாசிக்கறவர் மூச்சுன்னா இருந்துட்டுப் போகட்டும், தட்டு போடற கம்பெனி கண்டுக்காது. வேற யார் சத்தமா இருந்தாலும் தள்ளிடுவாங்க. இருமல், நாற்காலி, எதுவும் ஆகாது."

பியானோக்காரர் விரலைப் பனிக்கட்டிப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். "என்னுதாத்தான் இருக்கும். வேற யாரு?"

ஒலிப்பதிவுக்காரர் அக்காவின் பக்கம் திரும்பினார். "நீங்க எதாவது..."

"அவங்களா?" பியானோக்காரர் சிரித்தார். "பதினஞ்சு வருஷமா பக்கத்துல உக்காந்திருக்காங்க. மூச்சு விடறாங்களான்னே எனக்குச் சந்தேகம்."

ஆமாம் என்று சொன்னால் அந்தத் தட்டே இல்லை. வீங்கின அந்த விரல் இருபத்திரண்டாவது தடவை பாயாது. அக்காவின் தலை இல்லை என்று ஆடியது. ஒலிப்பதிவுக்காரர் நிம்மதியாக உள்ளே போய்விட்டார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அக்காவுக்குக் குறுகுறுக்கவில்லை, குடைந்தது. மறுவாரமே இசைக்கூட மேனேஜரிடம் போய், "எனக்கு முழங்கால் வலி, எழுந்து எழுந்து உக்கார முடியல. வேற யாரையாவது பாத்துக்குங்க" என்றாள். அது இரண்டாவது பொய்யில்லையா என்று கேட்காதீர்கள். முதல் பொய்யின் குட்டி அது. மேனேஜர் தேடிப்பிடித்த ஆள் முதல் கச்சேரியிலேயே இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டி, ஒரு பெண் கலைஞரை நடுவழியில் நிறுத்தினாராம். மேனேஜர் மூன்று தடவை போன் செய்தார். மூன்று தடவையும் அக்கா முழங்காலைத் தடவிக்கொண்டே பேசினாள்.

நாலு மாதம் கழித்து இசைத்தட்டு வெளிவந்தது. பியானோக்காரர் கையெழுத்துப் போட்டுத் தபாலில் ஒன்று அனுப்பியிருந்தார். அக்கா அதைப் பிரிக்காமல் துணி அலமாரியில் போர்வைக்கு அடியில் வைத்தாள். ஆனால் பேச்சை எந்தப் போர்வைக்கு அடியில் வைப்பது? ஒருநாள் மருந்துக்கடை முதலாளி பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உரக்கப் படித்தார்.

"அக்கா, உங்க ஆளு தட்டப் பத்திப் போட்டிருக்கான் பாருங்க. 'பதினோராவது உருப்படியில் கலைஞர் தன்னை மறந்து விடும் அந்த ஒரு மூச்சுக்காகவே இந்தத் தட்டை வாங்கலாம்.' மூச்சுக்கெல்லாம் பாராட்டா! நானும்தான் நாள் முழுக்க விடறேன்."

அக்கா சளி மருந்து கேட்டவருக்கு வயிற்றுவலி மருந்தை எடுத்துக் கொடுத்தாள். அந்தக் கடையில் அவள் செய்த முதல் தப்பு அது. நல்லவேளை, அந்த ஆள் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்காரர் போர்வையைத் தேடிப் போய்த் தட்டைக் கண்டெடுத்துவிட்டார். கட்டிக்கொடுத்த மகள் வாங்கித் தந்த ப்ளேயர் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. பெண்டாட்டி உட்கார்ந்து புரட்டிய தட்டு ஆயிற்றே, ஒரு தடவையாவது கேட்டு வைப்போம் என்று போட்டார். மேசையில் ஒரு லிஃப்ட் பொத்தான் பெட்டியைக் கழற்றிவைத்துக்கொண்டு, பட்டாணி மூட்டைகள் கொட்டுவதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா ஈரக்கையோடு உள்ளே வந்தபோது பதினொன்று ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அந்த இடம் வந்துவிட்டது.

அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். தட்டைப் பின்னால் தள்ளி மறுபடி போட்டார். இன்னொரு தடவையும் போட்டார்.

"இது நீதானே?"

அக்கா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்ட அன்னைக்கு இதே மூச்சுதான் விட்ட. நான் கொக்கியத் தூக்கினேன், கதவு இன்னும் திறக்கல, உள்ளேருந்து இந்தச் சத்தம் வந்துச்சு. அட, திறக்கறதுக்கு முன்னாடியே இந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிடுச்சேன்னு நெனச்சேன். அதை எப்படி மறப்பேன்?"

அக்கா தரையில் உட்கார்ந்து அழுதாள். நாலு மாதத்துக் கதையையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"போய் அவர்கிட்டச் சொல்லிடு" என்றார் கடைசியில்.

"சொன்னா அந்த நாற்காலி போச்சுங்க."

"இப்ப மட்டும் அதுல உக்காந்துட்டா இருக்க?"

மறுநாள் கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பியானோக்காரர் ஐந்தாவது மாடியில் குடியிருந்தார். அக்கா வழக்கம்போலப் படியேறினாள். கதவைத் திறந்தவர் அவள் மூச்சு வாங்குவதைப் பார்த்துத் திகைத்தார்.

"என்னக்கா, முழங்கால் வலின்னு சொன்னாங்க? அஞ்சு மாடி ஏறியா வந்தீங்க?"

ஒரு பொய் வாசலிலேயே உடைந்தது. இன்னொன்றை உடைக்க நேரம் ஆகவில்லை. உட்காரச் சொல்லியும் உட்காராமல், நின்றபடியே சொன்னாள். "சார், அந்த மூச்சு உங்களுது இல்ல. என்னுது. அன்னைக்கு ஒலிப்பதிவுக்காரர் கேட்டப்ப நான் தலையாட்டினது பொய். பேப்பர்ல எல்லாம் உங்களப் புகழ்றாங்க. எனக்குத் தாங்கல சார். மன்னிச்சிடுங்க."

அவர் முகம் வாடியது. வாடத்தானே செய்யும்? அந்த மூச்சைப் பற்றி இரண்டு பேட்டி கொடுத்திருக்கிறார் மனுஷன். எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கோபமாகத்தான் இருந்தார் என்று அக்கா பிற்பாடு வீட்டில் சொன்னாள். அந்தக் கோபம் நியாயம் என்றும் சொன்னாள். பிறகு அவர் திரும்பி வந்து, தட்டை எடுத்துப் பதினோராவது உருப்படியைப் போட்டார். இருவரும் நின்றுகொண்டே கேட்டார்கள். ஓட்டம், அமைதி, மூச்சு, இறக்கம். அவர் நிறுத்தினார்.

"இது எனக்குப் புரியாமத்தான் இருந்துச்சுக்கா" என்றார் மெதுவாக. "மூச்சு முதல்ல கேக்குது, அப்புறந்தான் கை இறங்குது. பாத்தீங்களா? இது பயந்த மூச்சு இல்ல, நிம்மதியான மூச்சு. கை அந்தரத்துல இருக்கறப்ப எனக்கு எங்கேருந்து நிம்மதி வரும்? இந்தத் தடவையும் விழப்போறேன்னுதான் அப்ப நெனச்சேன். பேட்டியில என்னென்னவோ சொன்னேன், ஆனா உள்ளுக்குள்ள தெரியும், அந்த மூச்ச விடற அளவுக்கு என்மேல எனக்கு நம்பிக்கை இல்ல."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "மணிக்கட்டு சாயல சார். அதனால தெரிஞ்சுது."

"எனக்கே தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சுது." அவர் கண் கலங்கிவிட்டது. "விரல்ல ஆபரேஷன் ஆனதுலேருந்து இந்தக் கையை யாராவது நம்புவாங்களான்னு நான் ஏங்கிட்டு இருந்தேன். பக்கத்திலேயே ஒரு ஆள் நம்பிட்டு உக்காந்திருக்கு."

அக்காவும் அழுதுவிட்டாள். அதை மறைக்கவும் இல்லை.

"கம்பெனிக்காரங்க?" என்று கேட்டாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"நான் எழுதிடறேன், இது என் மூச்சு இல்லன்னு. திட்டினா திட்டட்டும். தட்டு ஊரெல்லாம் போயாச்சு, விட்ட மூச்ச இனிமே பிடிக்கவா முடியும்?" அவர் பியானோவைத் திறந்து, விரலை நீட்டி மடக்கிப் பார்த்தார். "வேகமா வாசிக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அடுத்த மாசம் அதே கூடத்துல மெதுவான உருப்படியா வாசிக்கப்போறேன். மேனேஜர் யாரையோ ரெண்டு பக்கம் சேர்த்துப் புரட்டற ஆளை அனுப்பறேன்னார். வேண்டாம்னுட்டேன். நீங்க வரணும்."

"வரேன் சார்."

"ஒரே ஒரு நிபந்தனை. மூச்ச அடக்கக்கூடாது. நீங்க விடறது எனக்குக் கேக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் கேட்டார், "என்ன சொன்னார்?"

"வரச் சொன்னார்" என்றாள் அக்கா. முழங்கால் இப்போது நிஜமாகவே வலித்தது. அதற்கு மருந்து எது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவரைத் தைலம் தேய்க்கச் சொன்னாள்.

அடுத்த மாதம் அந்தக் கச்சேரியில் மெதுவான உருப்படி ஒன்றின் மூன்றாவது பக்கத்தில் அக்கா எழுந்தாள். பழக்கதோஷம், மூச்சு தொண்டையில் வந்து நின்றது. பியானோக்காரர் தலையை அசைக்கவில்லை. கடைசி ஸ்வரத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்தது. மூச்சை விட்டாள். அவர் தலையசைத்தார், அவள் பக்கத்தைப் புரட்டினாள்.